மணி கேட்காத டீச்சர்

புன்னைத்துறைக் கன்னியர் மடத்துப் பெண்கள் பள்ளியின் மணி, செல்போனை உடம்போடு வைத்திருப்பவர்களுக்குக் கேட்காமல் போனது ஒரு திங்கட்கிழமை, காலை இடைவேளையில். மணியடிக்கிற கஸ்பார் அண்ணன் எப்போதும் போலத்தான் கயிற்றை இழுத்தார். அது பள்ளிக்கூடத்துக்கென்று வார்த்த மணி இல்லை. எந்தக் காலத்திலோ தரைதட்டி உடைந்த கப்பல் ஒன்றிலிருந்து கழற்றி வந்து மடத்துச் சிஸ்டர்கள் வராந்தா வளைவில் தொங்கவிட்டது. அடித்தால் முதல் அடி காதிலும் இரண்டாம் அடி விலா எலும்பிலும் விழும். அந்த மணிக்கு உலை வைத்து, அந்த மணிக்கு வலை பின்னுவதை நிறுத்தி டீ குடித்து, அந்த மணிக்குப் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுப் பழகிய ஊர் அது. அன்றைக்கு மணி அடித்தபோது பள்ளியில் பாதிப் பேர் எழுந்தார்கள், பாதிப் பேர் உட்கார்ந்தே இருந்தார்கள்.

"எங்கட்டி போறிய, மணியே அடிக்கலியே" என்றார்கள் உட்கார்ந்திருந்தவர்கள்.

"காதுல என்ன, பஞ்சா?" என்றார்கள் எழுந்தவர்கள்.

மத்தியானத்துக்குள் காரணம் தெரிந்துவிட்டது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மழை பெய்தால் குடை எடுப்பது மாதிரி, அதற்குத் தக்கபடி நடந்துகொள்வதைப் பற்றித்தான் பேசினார்கள்.

அதற்கு முந்தின வாரம்தான், பள்ளிக்குள் இனி யார் கையிலும் போன் கிடையாது என்று தலைமையாசிரியை சிஸ்டர் ஹிலாரியா உத்தரவு போட்டிருந்தார். ஊரெல்லாம் அடைந்து கிடந்த அந்த இரண்டு வருஷத்தில் பாடம் படிக்கவென்று பிள்ளைகள் கைக்கு வந்த போன், பள்ளி திறந்த பிறகும் கையை விட்டு இறங்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்கூடம் மாதா கோயில் கல்லறைத் தோட்டம் மாதிரி அமைதியாக இருந்தது. ஒரு நாள் சிஸ்டர் சாப்பாட்டுக் கூடத்தைச் சுற்றி வந்தபோது, ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இடது கையில் போனைப் பார்த்தபடி, சோறு தீர்ந்துபோன வெறும் டிபன் பெட்டியைப் பிசைந்து பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதைக் கண்டார். அவள் அதை மென்று விழுங்குவதையும் கண்டார். அன்று சாயங்காலமே சத்துணவுக் கூடத்தில் அடுக்கிக் கிடந்த முட்டை அட்டைகளைத் தன் அறைக்குக் கொண்டுவரச் சொல்லி, வகுப்புக்கு இத்தனை அட்டை என்று பேர் எழுதி வைத்துவிட்டார். காலையில் வந்ததும் ஆளுக்கொரு குழியில் போனை நிறுத்த வேண்டும், சாயங்காலம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, டீச்சர்மாருக்கும்தான்.

டீச்சர்மாருக்கான அட்டையில் முதல் ஆளாகப் போனைக் கொண்டுபோய் நிறுத்தியது ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் டெல்பின். அதே பள்ளியில் படித்து, அதே பள்ளிக்கு டீச்சராக வந்தவள். எட்டு மாதக் கைப்பிள்ளைக்காரி. "பாத்தீங்களா, புதுசா வந்த பிள்ளைக்கு இருக்கிற மனசு உங்களுக்கு இல்ல" என்று சிஸ்டர் மற்ற டீச்சர்மாரைப் பார்த்துச் சொன்னார். டெல்பின் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். அட்டையில் நின்றது கண்ணாடி உடைந்து, உயிர் போய், வீட்டு மேசை டிராயரில் கிடந்த பழைய போன். உயிருள்ள போன் அவள் இடுப்பில், சேலைக் கொசுவத்துக்கு உள்ளே, பாவாடை நாடாவில் செருகிக் கிடந்தது.

ஆக அந்தத் திங்கட்கிழமை முதல் டெல்பின் டீச்சருக்கு மணி கேட்கவில்லை.

ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. மினி பஸ் டிரைவர் மணி கேட்பதற்காகத் தன் போனைக் கண்டக்டரிடம் கொடுக்க, கண்டக்டர் அதை டீக்கடைக்காரரிடம் கொடுக்க, டீக்கடைக்காரர் மணி கேட்காமல் வடையைக் கருக்கிவிட்டு, கடைசியில் கடை வாசல் முருங்கை மரத்தில் ஒரு ஓலைப்பெட்டியைக் கட்டித் தொங்கவிட்டார். மணி வேண்டுகிறவர்கள் போனை அதில் போட்டுவிட்டு வந்து உட்காரலாம். வலை பின்னுகிற பெண்கள் பத்தரை மணி ஆனதும் மடியிலிருந்து போனை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, காது கொடுத்து, மணியைக் கேட்ட பிறகு மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் பேசிய பேச்சு தீராமல், போனைத் திரும்ப எடுக்க மறந்த நாளும் உண்டு. மீன் ஏலக்காரர் ஒருத்தர் மட்டும், தனக்கு மணியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று போனும் கையுமாகவே இருந்தார். அவருக்கு மத்தியானச் சோறு எப்போதும் ஆறித்தான் கிடைத்தது. அதையும் ஊர் ஒத்துக்கொண்டது.

பள்ளிக்குள் கதை வேறு மாதிரி போயிற்று. சிஸ்டர் ஹிலாரியா முதலில் மணியைக் கொண்டு ஆள் பிடித்தார். நேரமில்லாத நேரத்தில் கஸ்பார் அண்ணனை மணியடிக்கச் சொல்லிவிட்டு வகுப்பு வாசலில் நிற்பார். எழுந்திருக்காத பிள்ளையின் பாவாடைப் பையில் கை விட்டால் போன் இருக்கும். அப்படிப் பிடிபட்ட பிள்ளைகள் கொடிக்கம்பத்தடியில் வரிசையாக நின்றார்கள். பிடிபடாதவர்கள் வழி கண்டுபிடித்தார்கள்: பக்கத்தில் இருப்பவளின் முழங்காலைப் பார்த்துக்கொண்டே இருப்பது, அது அசைந்தால் தானும் எழுவது. அதற்காகத் தலையை நிமிர்த்த வேண்டியிருந்தது. நிமிர்ந்ததும் முழங்கால் மட்டும் தெரியவில்லை. பக்கத்துப் பெஞ்சுக்காரி இந்த வருஷம் கம்மல் போடாமல் வருவது தெரிந்தது. முன் பெஞ்சுக்காரியின் கழுத்தில் தேமல் தெரிந்தது. உப்பளத்துத் தெருவிலிருந்து வருகிறவள் மத்தியானம் தண்ணீர்க் குழாயடியில் மட்டுமே நிற்பது தெரிந்தது, பிறகு அவளைக் கூப்பிடாமல் சாப்பிட முடியாமல் போயிற்று. மணி கேட்கிறவர்களுக்குக் கேட்காதவர்கள் மேல் இரக்கம் வந்தது. கொடிக்கம்பத்தடியில் நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல், மணி அடித்ததும் பக்கத்தில் இருப்பவளின் மணிக்கட்டைத் தொட ஆரம்பித்தார்கள். தொடப்பட்டவள் அடுத்தவளைத் தொட்டாள். சில நாளில் மணி கேட்கிறவர்கள்கூடத் தொட்ட பிறகுதான் எழுவது என்று ஆகி, மணியோசை அடங்கிய பிறகு ஒரு தொடுகை வகுப்பு வகுப்பாக, வராந்தா வராந்தாவாக நகர்ந்து போவதும், அதற்குப் பின்னால் அலை மாதிரி பிள்ளைகள் எழுவதும் அந்தப் பள்ளியின் வழக்கமாயிற்று. பையில் போன் வைத்திருந்தவர்கள் தாங்களாகவே அதை முட்டை அட்டையில் கொண்டுபோய் வைத்தார்கள், ஒருவரும் சொல்லவில்லை, தொட்டுத் தொட்டு எழுப்பப்படுவது அவர்களுக்கே கூச்சமாக இருந்தது. சாயங்காலம் மணி அடித்தும் வீட்டுக்குப் போகாமல் கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தேடி, சிஸ்டர் அறையில் முட்டைக் குழிகளில் நின்ற போன்கள் தங்களுக்குள் அலறின.

டெல்பினின் மணிக்கட்டைத் தொட யாரும் இல்லை. மேசைக்குப் பின்னால் தனியாக நிற்கிறவள் அவள்.

அவள் ஏன் போனை விடவில்லை என்பதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் நான்கு தெரு தள்ளி, சம்மனசு தெருவில், ஜோவின் என்ற பெயரில் தவழ்ந்துகொண்டிருந்தது. புருஷன் ரீகன் கப்பலில் வேலையாக இருந்தான். டெல்பின் பள்ளிக்கு வந்த பிறகு பிள்ளையைப் பார்த்துக்கொள்வது ரீகனின் அக்கா இஞ்ஞாசியம்மாள், டெல்பினுக்கு மைனி. மைனி நல்லவள். அதிர்ந்து பேசமாட்டாள். ஆனால் மைனிக்கு வெகுகாலம் முன்பு ஒரு பிள்ளை பிறந்து, மூன்று மாதத்தில், தூங்கின தூக்கத்திலேயே போய்விட்டது. பக்கத்தில் படுத்திருந்தவள் மைனிதான். தாய் அசந்துவிட்டாள் என்று சிலர் சொன்னார்கள். அசந்து, உருண்டு, மேலே படுத்துவிட்டாள் என்று சிலர் சொன்னார்கள். புருஷன் ஒன்றும் சொல்லாமல் போனவன், திரும்பி வரவில்லை. டெல்பினுக்குப் பிள்ளை பிறந்த வீட்டில், பார்க்க வந்த ஒருத்தி, மைனி காப்பி போட உள்ளே போன நேரம் பார்த்து, "அவ கையில ரொம்பக் குடுக்காதட்டி" என்று காதில் சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒரு வாக்கியம் டெல்பினுக்குள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தது.

ரீகன் கேமரா ஒன்று வாங்கி அனுப்பினான்; வெள்ளையாக, கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒற்றைக் கண்ணோடு இருந்தது. டெல்பின் வீட்டில் இருக்கும்போது பிள்ளை இருக்கிற முன் அறையில் அதை ஒளித்து வைக்க ஒரே இடம்தான் இருந்தது: சுவரில் அடித்த பலகைப் பீடம், அதில் சகாய மாதா படம், படத்தைச் சுற்றிக் காகிதப் பூ, பூவுக்குள் மினுக்கு விளக்கு. பூவுக்கு நடுவே கேமராவைச் செருகி வைத்துவிட்டு, "கொசுவுக்கு மைனி, புது மிஷின்" என்று சொன்னாள். மைனி குனிந்து பார்த்துவிட்டு, "ம்" என்றாள்.

அன்றிலிருந்து டெல்பின், இடைவேளை தோறும் டீச்சர்மார் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, வெளியே கேட்காதபடி போனின் சத்தத்தை அணைத்து வைத்துவிட்டு, வீட்டைப் பார்த்தாள். பார்த்த ஒவ்வொரு தடவையும் ஒரே காட்சிதான் தெரிந்தது. மைனி பீடத்துக்கு நேரே முழந்தாளிட்டிருப்பாள். பிள்ளையை இரண்டு கையாலும் ஏந்தி மாதாவின் முன்னால் தூக்கிப் பிடித்திருப்பாள். உதடு அசைந்துகொண்டே இருக்கும். பிள்ளையின் கையைத் தூக்குவாள், காலைத் தூக்குவாள், திருப்பி முதுகைக் காட்டுவாள், தலைமுடியை விலக்குவாள், மறுபடி நிமிர்த்திப் பிடிப்பாள். காலை இடைவேளையில் பார்த்தாலும் அது. மத்தியானம் பார்த்தாலும் அது. சாயங்கால இடைவேளையில் பார்த்தாலும் அது. வகுப்புக்கு நடுவில் திருட்டுத்தனமாகப் பார்த்த ஒன்றிரண்டு தடவை அறை காலியாக இருந்தது. அது இன்னும் மோசம்.

எப்போது பார்த்தாலும் முழந்தாளில் இருக்கிறவள் எப்போதுமே முழந்தாளில்தான் இருக்க வேண்டும் என்று டெல்பின் முடிவு கட்டினாள். அப்படியென்றால் பிள்ளைக்குக் கஞ்சி எப்போது, துணி மாற்றுவது எப்போது? அதைவிட, நாள் முழுக்க மாதாவிடம் எதைக் கேட்கிறாள்? கழிப்பறைச் சுவரில் சாய்ந்து நின்ற ஒரு மத்தியானம் அவளுக்கு அது தோன்றியது: இந்தா, இதை எடுத்துக்கொள், என்னுடையதைத் திருப்பிக் கொடு என்கிறாள். தோன்றிய மாத்திரத்தில் உடம்பெல்லாம் கூசியது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மைனி அவித்துவைத்த கிழங்கும் கட்டன் காப்பியும் எடுத்துவந்து, "களைச்சுப் போயிட்ட, சாப்பிடு" என்றாள். பிள்ளை குளித்து, பவுடர் மணக்க, மைனியின் இடுப்பில் சிரித்துக்கொண்டிருந்தது. டெல்பின் பிள்ளையை வாங்கி, யாரும் பார்க்காதபடி அதன் கையையும் காலையும் முதுகையும் தடவிப் பார்த்தாள். மைனி அதைப் பார்த்தாள், பார்க்காததுபோல அடுப்படிக்குப் போனாள்.

இத்தனைக்கும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரம் இருந்தது. போயிருக்கலாம். போனால் பிள்ளை அழும், விட்டு வருவது கஷ்டம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கழிப்பறையில் நின்று பார்த்தால் தன்னை யாரும் பார்க்கமாட்டார்கள் என்பதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

வகுப்பில் அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பாடத்தை முடித்தாள். ஒரு நாள் அந்தக் கடிகாரம் சில நிமிஷம் பின்தங்கி ஓடியது, அவளுக்குத் தெரியவில்லை. ஒளிச்சேர்க்கை நடத்திக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் என்றைக்கும் இல்லாத கவனத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வராந்தாவில் போகும் சத்தம் கேட்டபோதும் ஒருத்தியும் அசையவில்லை. அப்போது முதல் பெஞ்சு ஜெபிஷா, வாயாடி, ஒரு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியாதவள், தன் ஜியாமெட்ரி பெட்டியைத் தரையில் தள்ளிவிட்டாள். தகரப் பெட்டி அலறி விழுந்தது.

"என்ன ஜெபிஷா!"

"கை தட்டிட்டு டீச்சர். நேரம் ஆயிட்டோன்னு நெனச்சு வெப்ராளத்துல, அவசரத்துல தட்டிட்டு."

டெல்பின் வராந்தாவைப் பார்த்தாள், புத்தகத்தை மூடினாள். பிள்ளைகள் மூச்சு விட்டார்கள். மறுநாளும் பாடவேளை முடிகிற நேரத்தில் எங்கோ ஒரு ஸ்கேல் விழுந்தது. அதற்கடுத்த நாள் தண்ணீர்ப் பாட்டில். எப்போதும் வேறு வேறு பெஞ்சு. முறை வைத்துத் தள்ளுகிறார்கள் என்று அவளுக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. புரிந்த அந்தக் கணத்தில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றாள். எழுத ஒன்றும் இல்லாமல், இருந்த எழுத்தின் மேலேயே எழுதினாள். ஜெபிஷாவை அவள் முன்பு கொடிக்கம்பத்தடிக்கு அனுப்பியிருக்கிறாள். "டீச்சர், இன்னும் ஒரு தடவை மன்னிச்சிருங்க, அம்மா மெசேஜ் போடும்னுதான் வெச்சிருந்தேன்" என்று அந்தப் பிள்ளை கெஞ்சியபோது, "சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான்" என்று தன் இடுப்பில் போன் சூடாகக் கிடக்கச் சொன்னவள் அவள்.

அந்த வாரமே சிஸ்டர் அவளைக் கூப்பிட்டு, காலைக் கூட்டத்தில் போனை விட்ட அனுபவத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொன்னார். "மொத ஆளா வெச்சது நீங்கதானே. நீங்க சொன்னாத்தான் எடுபடும்." மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டியிருந்தது. அது கிடைக்காததால் சரி என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை. மைதானம் முழுக்க நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை. டெல்பின் மைக்கின் முன்னால் நின்று, முதல் இரண்டு நாள் கை தேடியது என்றும், பிறகு மனசு லேசானது என்றும், பக்கத்தில் இருப்பவர் முகம் தெரிய ஆரம்பித்தது என்றும் சொல்லிக்கொண்டே போனாள். எல்லாம் பிள்ளைகளிடம் கண்டது, திருடிச் சொன்னாள். சொல்லச் சொல்ல வார்த்தை தடையில்லாமல் வந்தது, அதுதான் பயமாக இருந்தது. வராந்தா வளைவில் கஸ்பார் அண்ணன் கயிற்றைப் பிடித்து இழுப்பதும், பெரிய மணி, தண்ணீருக்கடியில் மீன் வாயசைப்பது போல, வாயைத் திறந்து திறந்து மூடுவதும் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் முதுகு அந்தப் பக்கம் இருந்தது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். ஓசை பிள்ளைகளின் விலா எலும்பில் விழுந்து அடங்கியது. மணி அடித்தால் தொடுகை தொடங்க வேண்டும், வரிசை நகர வேண்டும். ஒரு கைகூட நீளவில்லை. கடைசி வரிசைப் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து முன்வரிசை ஆறாம் வகுப்புப் பொடிசுகள் வரை, மணியே அடிக்காததுபோல அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த முகங்களைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. அத்தனை பேரும் சேர்ந்து ஒரே பொய்யைத் தனக்காகச் சொல்லிக்கொண்டு நிற்கிறார்கள். பேச்சு நடுவில் நின்றது. மைக் இரைந்தது.

முன்வரிசையில் நின்ற ஜெபிஷா பலமாக இருமினாள். "பசிக்கி டீச்சர், முடிச்சிருங்க" என்றாள். எல்லாரும் தேவைக்கு அதிகமாகவே சிரித்தார்கள்.

சிஸ்டர் ஹிலாரியா முன்னால் வந்தார். மைக்கை வாங்கி, வகுப்புக்குப் போகச் சொன்னார். டெல்பினை அவர் தன் அறைக்குக் கூப்பிட்டது மத்தியானத்துக்குச் சற்று முன்னால்தான்.

அறையில் முட்டை அட்டைகள் சுவரை ஒட்டி அடுக்காக இருந்தன. ஒவ்வொரு குழியிலும் ஒரு போன். சிஸ்டர் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.

"எந்த நாள்ல இருந்து டெல்பின்?"

"மொத நாள்ல இருந்தே சிஸ்டர்."

"பிள்ளைகளுக்குத் தெரிஞ்சிருக்கு."

"ஆமா சிஸ்டர்."

சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் மணியை வெச்சுப் பிள்ளைகளைப் பிடிச்சேன். அதுக உங்களைப் பிடிச்சுக் குடுக்கல. காலையில அங்க நின்னப்ப எனக்கு உங்க மேல கோவமே வரல, பாத்துக்கோங்க. தலையை எங்க வெச்சுக்கன்னுதான் இருந்துச்சு."

டெல்பின் அப்போது எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளை, கேமரா, பீடம், மைனி முழந்தாளில் நிற்பது, அந்தப் பழைய சாவு. தான் நினைத்த அந்த நினைப்பை மட்டும் சொல்லவில்லை.

சிஸ்டர் கேட்டார்: "நீங்க பாக்கிறது பிள்ளையையா, உங்க மைனியையா?"

 டெல்பின் கொசுவத்துக்குள் கை விட்டுப் போனை எடுத்தாள். அதன் சூட்டில் இடுப்பில் ஒரு சதுரம் சிவந்து, தோல் தடித்திருந்தது. டீச்சர்மார் அட்டையிலிருந்து செத்த போனை எடுத்துவிட்டு, அந்தக் குழியில் உயிருள்ளதை நிறுத்தினாள். கையை எடுத்ததும் பயம் முழுசாக வந்து ஏறிக்கொண்டது. இந்த நிமிஷம் அங்கே என்ன நடக்கிறது என்று இனிப் பார்க்க முடியாது.

"வீட்டுக்குப் போய்ட்டு வரட்டா சிஸ்டர்?"

"ஓடுங்க" என்றார் சிஸ்டர்.

ஓடத்தான் செய்தாள். டீச்சர் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் ஓடுவதை வலை பின்னுகிறவர்கள் பார்த்தார்கள்; ஓலைப்பெட்டி தொங்கும் முருங்கையடியில் டீ குடித்தவர்கள் பார்த்தார்கள். சம்மனசு தெரு திரும்பி, பின்வாசல் சந்துக்குள் நுழைந்து, கொல்லைக் கதவில் கை வைத்தபோது மணி அடித்தது.

அவள் அதை மறந்தே போயிருந்தாள். முதல் அடி காதில் விழுந்தது. இரண்டாம் அடி விலா எலும்பில் விழுந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓசை அடங்கும் முன்னே வீட்டுக்குள்ளிருந்து மைனியின் குரல் கேட்டது.

"மணி அடிச்சாச்சு, மணி அடிச்சாச்சு! வா ராசா, எந்திரி. அம்மைக்கு இப்பதாம் நேரம் கெடைக்கும். அம்மை பாக்கப் போறா."

டெல்பின் சத்தமில்லாமல் உள்ளே வந்தாள். அடுப்படியில் தொட்டில் கட்டியிருந்தது. தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மணை. அடுப்பில் கஞ்சிச் சட்டி, கொடியில் துவைத்த சின்னத் துணிகள், மணைக்குக் கீழே குளிர்ந்த தண்ணீர்ச் சொம்பு, கண்ணில் அடித்துக்கொள்ள. கேமராவின் கண் எட்டாத இடத்தில் ஒரு நாள் முழுக்க நடந்துகொண்டிருந்தது. மைனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன் அறைக்குப் போனாள். பீடம் தாழ்வானது, கேமராவின் கண்ணுக்கு நேராக வர முழந்தாளிட்டால்தான் சரியாக இருக்கும். முழந்தாளிட்டாள். பிள்ளையை ஏந்திப் பிடித்தாள்.

"இந்தா டெல்பின், பாத்துக்கோ. கை. இந்தக் கை. கால் ரெண்டும் பாத்துக்கோ. முதுகு, ஒண்ணும் இல்ல, நேத்து இருந்த வேர்க்குருவும் போயிட்டு. மண்டையைப் பாரு, முடியை வெலக்கிக் காட்டுதேன். காலையில கேப்பைக் கஞ்சி குடிச்சான். நல்லாத் தூங்குனான். அவந்தாம் தூங்குனான், நான் தூங்கல தாயி, மணையில உக்காந்து மூச்சைப் பாத்துக்கிட்டே இருந்தேன். நெஞ்சு ஏறி எறங்குது, தெரியுதா? கிட்டக் கொண்டு வரட்டா?"

பதிலுக்கு நிற்கிறவள் போல மைனி கொஞ்சம் நிறுத்தினாள். மாதா படத்தை அவள் பார்க்கவேயில்லை. காகிதப் பூவுக்குள் இருந்த ஒற்றைக் கண்ணைத்தான் பார்த்தாள். போனில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சத்தத்தைத் திறந்திருந்தால் போதும். இத்தனை நாளும் இந்தப் பேச்சு டெல்பினின் இடுப்பில்தான் கிடந்திருக்கிறது.

மைனியின் தோளுக்கு மேலே பிள்ளை டெல்பினைக் கண்டுவிட்டு, இரண்டு பல் தெரியச் சிரித்தது, கையை நீட்டித் தாவியது. மைனி திரும்பினாள். கையும் களவுமாகப் பிடிபட்டவள் அவள்தான் என்பதுபோல முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"மணி கேட்டுச்சா?" என்றாள் மைனி.

"கேட்டுச்சு மைனி."

"நல்லது."

"மைனி, நான் உங்ககிட்ட கொசு மிஷின்னு…"

"கொசு மிஷின் நான் போற பக்கமெல்லாம் தலையைத் திருப்பிப் பாக்குமா டெல்பின்? மொத நாளே தெரியும்."

"அப்ப ஏன் மைனி கேக்கல? எடுத்து எறிஞ்சிருக்கலாம்லா."

மைனி பிள்ளையை அவள் கையில் கொடுத்தாள். கொடுத்த பிறகும் ஒரு கையைப் பிள்ளையின் முதுகிலிருந்து எடுக்கவில்லை.

"எறிஞ்சா? நாளைக்கு ஏதும் ஒண்ணுன்னா, நான் தூங்கலன்னு சாட்சி சொல்ல யாரு இருக்கா? போன தடவை ஒருத்தரும் இல்லையே."

டெல்பின் வாயைத் திறந்தாள். நான் இருக்கிறேன் என்று சொல்ல நினைத்தாள். தான் இத்தனை நாள் பார்த்ததும், பார்த்து நினைத்ததும் குறுக்கே வந்து நின்றன. பிள்ளை அவள் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தது. பூவுக்குள்ளிருந்த கேமரா மெல்லத் தலையைத் திருப்பி, மூன்று பேரையும் பார்த்தது. பள்ளியில், முட்டைக் குழியில் நின்ற போனில், யாரும் பார்க்காமல், சத்தமில்லாமல், அந்த மூன்று பேரும் படமாக ஓடிக்கொண்டிருப்பார்கள்.

மைனி சோறு போட்டுக்கொடுத்தாள். மஞ்சள் தூக்கலாக ஊளிமீன் குழம்பு. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, தலை நிமிராமல், டெல்பின் சாப்பிட்டாள். தட்டில் சோறு தீர்ந்த பிறகும் அவள் கை தட்டைப் பிசைந்துகொண்டிருந்தது. மைனி இன்னொரு அகப்பை போட்டாள்.

சாப்பாட்டு நேரம் முடிகிற மணி அடித்தது. இருவருக்கும் கேட்டது. டெல்பின் எழவில்லை, பள்ளியின் வழக்கம் உடம்பில் இருந்தது, தன்னைத் தொடாதவரை எழ அவளுக்கு உரிமை இல்லை என்பதுபோல உட்கார்ந்திருந்தாள். அந்த வழக்கம் மைனிக்குத் தெரியாது. பிள்ளையை வாங்கிக்கொள்ளத்தான் அவள் குனிந்தாள். வாங்கும்போது அவள் விரல்கள் டெல்பினின் மணிக்கட்டில் பட்டன, ஈரமாக, கஞ்சி வாசத்தோடு.

"மணி அடிச்சிட்டு பாரு," என்றாள், "போய்ட்டு வா."